ஒரு வகுப்பையாவது திற

கள்ளிவயல்,
25-5-64

தம்பி ஏகப்பனுக்கு அக்காள் மீனாள் எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நானும் பொன்னுத்தாயியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. அங்கே நீயும் அன்னக்கிளியும் என் மருமகன் ஐயனாரும் எப்படி இருக்கிறீர்கள்? அவனுக்குப் பல்வலி என்று எழுதியிருந்தாய். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மிட்டாய்க் கடையில் குடியிருந்தால் பல் வலிக்காமல் என்ன செய்யும்?

காரைக்குடியில் காலரா என்று சிங்கம்புணரிச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். லீவு முடிந்து எட்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்குமா, திறக்காதா? அதை எழுது முதலில்.

உனக்குத் தெரியாதது இல்லை. பொன்னுவின் அப்பா சாகக் கிடந்தபோது, அவருடைய அண்ணன் மலையாண்டி கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குப் போற வரைக்கும் எம்மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது அண்ணே." பெரியவரும் சரி என்று சொன்னார். இந்த நாலு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார், பொய் சொல்லக் கூடாது. உன் வீட்டில் தங்கி உன் பள்ளிக்கூடத்தில் பத்து முடித்துவிட்டாள். இன்னும் ஒரே வருஷம். பதினொன்றை முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டால் டீச்சர் டிரெய்னிங் போய்விடுவாள்.

நேற்று சோற்றுக்கு உட்கார்ந்த பெரியவர் சொல்கிறார்: "பள்ளிக்கூடத்தையே பூட்டப் போறாகளாம். பூட்டுன பள்ளிக்கூடத்துக்கு எங்கிட்டுப் போறது? எம்மச்சினன் கேட்டுக்கிட்டு இருக்கான்." மச்சினன் என்றால் பொன்னமராவதியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறவன். போன வருஷம் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. என் மகளுக்குப் பதினைந்து வயசு.

இன்னொன்று. தபால்காரர் கடிதத்தைப் பெரியவர் கையில்தான் கொடுக்கிறார். அவர் மகனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும். அதை மனசில் வைத்து எழுது.

அன்னக்கிளியை வெந்நீர் குடிக்கச் சொல். மருமகனைத் தெருவில் விடாதே.

அக்காள்,
மீனாள்

✽

காரைக்குடி,
31-5-64

அக்காளுக்குத் தம்பி ஏகப்பன் வணக்கம். இங்கு மூவரும் சுகம். ஐயனாருக்குப் பல்வலி நின்றுவிட்டது. கன்றுக்குட்டியைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவை நச்சரிக்கிறான். உன் உடம்பையும் பொன்னுவின் உடம்பையும் பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்கு நேரான பதில்: எட்டாம் தேதி திறக்காது. உத்தரவு வந்துவிட்டது. எப்போது திறக்கும் என்று அதில் இல்லை, மறு உத்தரவு வரும் வரை என்று மட்டும் இருக்கிறது. பழையபடி திறப்பது இப்போதைக்கு முடியாது என்கிறார் ஹெட்மாஸ்டர். முனிசிபாலிட்டிக்காரர்கள் தெருத் தெருவாகக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு ஊசி குத்துகிறார்கள். நாங்கள் மூவரும் குத்திக்கொண்டோம். அன்னக்கிளிக்கு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை.

பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். ஒருவர், "பூட்டியே வச்சா எம்மகன் மாடு மேய்க்கப் போயிருவான், திறங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "திறந்து வச்சு எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்க பொறுப்பேத்துக்கிருவீகளா?" என்று எழுந்தார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

மலையாண்டி மச்சானிடம் சொல். பூட்டியிருப்பது கட்டடம்தான், பொன்னுவின் படிப்பு இல்லை. அவள் பெயர் வருகைப் பதிவில் இருக்கிறது. அவருக்கு என் வணக்கம்.

அன்புள்ள,
ஏகப்பன்

✽

கள்ளிவயல்,
5-6-64

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் மூன்று பேரும் சுகம் என்று படித்த பிறகுதான் சோறு இறங்கியது.

உன் சமாதானத்தைப் பெரியவர் படிக்கக் கேட்டார். சிரித்தார். "பேரு பள்ளிக்கூடத்துல இருந்தா ஆச்சா? என் பேருகூடத்தான் நாப்பது வருஷத்துக்கு முந்தி இருந்துச்சு" என்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோயிருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரே வீட்டில் இரண்டு சாவு என்று கேள்விப்பட்டதிலிருந்து, வயசுப் பெண்ணைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடி. செக்குக்காரன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்து போய்விட்டார்கள். பொன்னு காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அல்ஜீப்ராப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் நடக்குதுன்னு ஆதாரம் கொண்டா, நான் வாயைத் திறக்கலை" என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஏகப்பா, எனக்கு வேறு போக்கிடம் இல்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். நீ நினைத்தால் ஹெட்மாஸ்டரிடம் பேச முடியும். முழுப் பள்ளிக்கூடமும் வேண்டாம். பெரிய பரீட்சைக்காரப் பிள்ளைகள் என்று சொல்லி ஒரு வகுப்பையாவது திற. அரை நாள் நடந்தாலும் போதும். மணி அடித்தது, பாடம் நடந்தது என்று இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாதவளுக்குக் குடத்தின் அழகு எதற்கு?

அன்னக்கிளிக்குக் கை சரியாகிவிட்டதா? மருமகனுக்கு முத்தம்.

மீனாள்

✽

காரைக்குடி,
12-6-64

அக்காளுக்கு நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும்.

நல்ல சேதி. நான்கு நாளாக ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு நடந்தேன். கடைசியில் அவர், "உங்க பொறுப்புல நடத்துறதுன்னா நடத்துங்க சார்" என்று சம்மதித்தார். திங்கட்கிழமை 15-ஆம் தேதி முதல் பதினோராம் வகுப்புக்கு மட்டும் சிறப்பு வகுப்பு. காலையில் மட்டும். ஊசி குத்திய சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். காலைப் பிரார்த்தனை கிடையாது, விளையாட்டு கிடையாது. கணக்கும் இங்கிலீஷும் நானே எடுக்கிறேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட அறிவிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். மச்சானிடம் காட்டு. பொன்னுவுக்குச் சிங்கம்புணரியில் ஊசி குத்தி, ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதி பஸ்ஸில் ஏற்றி விடு.

ஐயனாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவனுக்கு இன்னும் வகுப்பு இல்லை. வீட்டில் இருந்தால் தெருவுக்கு ஓடுகிறான், தெருக்கோடியில் நோய் இருக்கிறது. "உங்க கண்ணு முன்னால இருந்தாத்தான் எனக்கு நிம்மதி, பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கிட்டுப் போங்க" என்று அன்னக்கிளி சொல்கிறாள். அதுவும் சரிதான். பெரிய பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றதும் அவனுக்குக் காலே தரையில் பாவவில்லை.

கவலைப்படாதே. இந்த வருஷத்தை நாம் கடந்துவிடுவோம்.

ஏகப்பன்

✽

கள்ளிவயல்,
17-6-64

என் ராசா ஏகப்பனுக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் ரொம்பவும் சுகம். நீயும் அன்னக்கிளியும் மருமகனும் நூறு வயசு இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தைப் பெரியவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பள்ளிக்கூட முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். "சரி, போகட்டும்" என்றார். அவ்வளவுதான். செக்குக்காரன் வீட்டுக்கு, "பொண்ணு படிக்குது" என்று ஆள் விட்டுவிட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷர்தான், கொஞ்சம் சூடு வைக்க வேண்டியிருக்கிறது.

பொன்னு ஊசி குத்திக்கொண்டு வந்து காய்ச்சலில் கிடக்கிறாள். காய்ச்சலிலும் சிரிக்கிறாள். பச்சரிசியும் முறுக்கும் கட்டி வைத்திருக்கிறேன். முறுக்கு அன்னக்கிளிக்கும் உனக்கும். மருமகனுக்குப் பல் இருந்தால் அவனுக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவன் என்ன படிக்கிறான்? பொன்னு வந்தால் அவள்தான் முதல் பெஞ்சு என்று சொல்லி வை, சண்டைக்கு வருவான்.

திங்கட்கிழமை காலை பஸ். நீ ஸ்டாண்டுக்கு வந்துவிடு.

மீனாள்

✽

காரைக்குடி,
20-6-64

அக்காள், பொன்னுவை அனுப்ப வேண்டாம். சிறப்பு வகுப்பு நிறுத்தப்பட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை. விவரம் பின்னால்.

ஏகப்பன்

✽

கள்ளிவயல்,
25-6-64

ஏகப்பனுக்கு மீனாள் எழுதுவது. நாங்கள் சுகமா என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உயிரோடு இருக்கிறோம். உங்கள் சுகத்தை எழுதக் கார்டில் இடம் இல்லையா, கையில் நேரம் இல்லையா?

கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டேன். ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு நடத்தக் கூடாதா? யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டதற்கு என் மகள் தலையில் மண்ணா? இப்படி எழுதுவது பாவம் என்று தெரிகிறது. ஆனால் எனக்கு இப்போது பாவ புண்ணியம் பார்க்கத் தெம்பு இல்லை.

கார்டு திறந்த கடிதம். பெரியவர் படிக்கக் கேட்டுவிட்டார். மறுநாள் காலை செக்குக்காரன் ஊருக்கே கிளம்பிப் போய்விட்டார். ஆனி கடைசி ஞாயிறு, ஜூலை 12-ஆம் தேதி பரிசம். ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணம். "காலராவுக்குக் குடுக்குறதுக்கு ஒரு மனுசனுக்குக் குடுக்கலாம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். கையில் வைத்திருந்த ஒரே காகிதமும் பொய்யாகிவிட்டது.

விவரம் பின்னால் என்று எழுதினாயே, அந்த விவரம் எப்போது வரும்? உன் சுகத்தையாவது எழுது.

மீனாள்

✽

கள்ளிவயல்,
2-7-64

தம்பி, இன்னும் பதில் இல்லை. அன்னக்கிளிக்கு உடம்புக்கு ஏதாவதா? உனக்கா? காரைக்குடி பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள், யாரையாவது விட்டுப் பார்த்துவரச் சொல்ல வழியில்லை. கோபத்தில் போன கடிதத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். அதற்காகப் பேசாமல் இருக்காதே. நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

நன்றாக யோசித்துவிட்டேன். ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்ய உன்னால்தான் முடியும்.

நீ பொன்னுவின் தாய்மாமன். பரிசத் தட்டை எடுக்கும் முன்னால், "மாமன் சம்மதமா?" என்று சபையில் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது நீ எழுந்து, "எம்மகனுக்குப் பொண்ணைக் கேக்குறேன்" என்று ஒரு வார்த்தை சொல். அத்தை மகள் மேல் மாமன் மகனுக்கு உரிமை இருக்கிறது. உரிமைக்காரன் கேட்கும்போது அசலில் கொடுத்தால் மலையாண்டி வீட்டில் இந்த ஊர்க்காரர் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஐயனாருக்குப் பதிமூன்று, இவளுக்குப் பதினைந்து. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த ஊரில் பெண் மூத்த ஜோடிகள் நாலு நான் காட்டுவேன். நாளைக்கு அவர்கள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் வளர்ந்து, அவனுக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொள்ளட்டும், நானே முன்னால் நின்று நடத்துகிறேன். இப்போது எனக்கு அவன் பெயர் மட்டும் வேண்டும். அவன் பெயரை ஒரு வருஷம் கடன் கொடு, ஏகப்பா. பள்ளிக்கூடம் திறக்கும் வரை, அவள் பரீட்சை எழுதும் வரை.

இந்தக் கடிதத்தைச் சிங்கம்புணரி தபாலாபீசில் நானே போடுகிறேன். உன் பதில் மட்டும் பெரியவர் காதில் விழும், அதனால் பார்த்து எழுது. வருகிறேன் என்று இரண்டு எழுத்து எழுதினாலும் போதும். எழுதாவிட்டால் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு எனக்குக் கடிதமே வேண்டாம்.

என் மருமகன் எப்படி இருக்கிறான்?

மீனாள்

✽

காரைக்குடி,
7-7-64

அக்காளுக்கும் மலையாண்டி மச்சானுக்கும் ஏகப்பன் வணக்கம். கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பரிசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் மகன் ஐயனார் சார்பாக மாமன் உரிமையைச் சபையில் பேச வேண்டியிருக்கிறது. அதை மறைத்து வைத்து வந்து நிற்பது மரியாதை இல்லை என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். திருப்பத்தூர் வரை பஸ் விடுகிறார்களாம். அங்கிருந்து நடந்தாவது வந்துவிடுவேன். இப்போது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. அன்னக்கிளியும் வர முடியாது. நான் மட்டும் வருகிறேன்.

மற்றவை நேரில்.

ஏகப்பன்

✽

கள்ளிவயல்,
15-7-64

தம்பிக்கு அக்காள் எழுதுவது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே நான் நெஞ்சு நிறைந்து இருக்கிறேன். அன்னக்கிளியும் என் மாப்பிள்ளையும் சுகமா? ஆமாம், இனிமேல் அவன் எனக்கு மாப்பிள்ளைதான். வேட்டி இடுப்பில் நிற்கக் கற்றுக்கொள்ளச் சொல்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உன் கடிதத்தைப் பார்த்ததும் பெரியவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. நல்ல காரியக் கடிதத்தைக் கிழிக்கவா முடியும்?

நீ வாசல் பந்தலிலேயே நின்றாய். நிலையைத் தாண்டி ஒரு எட்டு உள்ளே வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் கிணற்றைச் சந்தேகப்பட்டாயா? தாடியும் மீசையுமாக, கன்னம் ஒட்டி, பொன்னு உன்னைப் பார்த்ததும் "மாமா பாதியா இருக்காக ஆத்தா" என்று அழுதுவிட்டாள். காலராச் சேவை என்று அலைகிறாய் போலிருக்கிறது. அலை, ஆனால் சாப்பிட்டுவிட்டு அலை.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "மாமன் சம்மதமா?" என்றார்கள். நீ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாய். பிறகு, "எம்மகன் ஐயனாருக்கு இந்தப் பொண்ணைக் கேக்குறேன்" என்றாய். குரல் பிசிறியது. செக்குக்காரனின் சித்தப்பன் சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு மீசை முளைச்சிருச்சா?" என்றான். நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன். "முளைக்கும்" என்று மட்டும் சொன்னாய். நம் அப்பாவுக்குப் பிறகு அப்படி ஒரு மரியாதையான பதிலை நான் கேட்டதில்லை.

நீ அவசரமாகப் போன பிறகு பெரியவர் செக்குக்காரன் வீட்டாரை வழியனுப்பிவிட்டு வந்து, "உரிமைக்காரன் கேட்டுட்டான், நான் என்ன செய்ய? பள்ளிக்கூடம் திறந்தா கூட்டிப் போகட்டும். ஆவணிக்குள்ள திறக்கலைன்னா மறுபடியும் உக்காந்து பேசுவோம். பொங்கலுக்கு மாப்பிள்ளையை இங்குட்டு வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். ஆக, இன்னும் தொங்கலில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். திறந்துவிடும் இல்லையா?

மீனாள்

✽

காரைக்குடி,
26-7-64

அக்காளுக்கு வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். பொன்னுவுக்கு என் ஆசீர்வாதம்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கூட்டம். பழையபடி திறக்கலாமா என்று சுகாதார அதிகாரி ஹெட்மாஸ்டரின் கருத்தைக் கேட்டிருக்கிறார். ஹெட்மாஸ்டர் எங்களைக் கேட்டார். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பின்பக்கக் கிணற்றை இறைத்து மூடிவிட்டோம், தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது, அதையும் காய்ச்சித்தான் வைப்போம், ஊரில் இருபது நாளாகப் புதிதாக யாருக்கும் நோய் இல்லை. இதையெல்லாம் ஹெட்மாஸ்டர் சொன்னார். சிறப்பு வகுப்பைப் பற்றி ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மே மாதக் கூட்டத்தில் எழுந்த அதே பெற்றோர் எழுந்து, "ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் எழுந்தேன். திறக்கலாம் என்றேன். பானைத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் முதலில் நான் குடித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன் என்றேன். அந்தப் பெற்றோர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்டு 3, திங்கட்கிழமை திறக்கிறது. எல்லா வகுப்புகளும். பஸ் விட்டுவிட்டார்கள். பொன்னுவை ஞாயிறன்று ஏற்றி விடு. நீ வர வேண்டாம். உழவு நேரம், வீட்டைப் போட்டுவிட்டு அலையாதே. நீ வராமல் இருப்பதே நல்லது.

ஏகப்பன்

✽

கள்ளிவயல்,
6-8-64

ஏகப்பா,

சுகம் கேட்க வாய் வரவில்லை. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வராதே என்று எழுதினாய், பொன்னுவோடு நானும் வந்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி வேட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அன்னக்கிளி கதவைத் திறந்தாள். "எங்கே என் மாப்பிள்ளை, ஒளிஞ்சுக்கிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சுவரில் அவன் சட்டை தொங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்து, வாயைத் திறக்கும் முன்னால், அவள் தன் முந்தானையை என் வாயில் வைத்து அழுத்திவிட்டாள்.

"அழுகாதீக மதினி. உங்க ஊர்க்காரக ரெண்டு பேரு அதே பஸ்ஸுல வந்து எதுத்த கடையில காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. சத்தம் கேட்டா எல்லாம் போச்சு."

பெற்றவள், ஏகப்பா. பெற்றவள் என் வாயைப் பொத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் சமையற்கட்டில் உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி கடித்துக்கொண்டு அழுதோம். நீ பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாயாம்.

எல்லாம் சொன்னாள். சிறப்பு வகுப்பில் உடம்புக்கு முடியாமல் போன அந்தப் பிள்ளை அவன்தான் என்று. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துப் பானையில், பின்பக்கக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான் என்று. நீ கார்டு எழுதிப் போட்ட மறுநாளே போய்விட்டான் என்று. முனிசிபாலிட்டி வண்டியில் கொண்டுபோய்ப் புதைத்தபோது நீ ஒருத்தன்தான் கூடப் போனாய் என்று. அத்தை நான் ஒரு கைப்பிடி மண் போடவில்லை. யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை என்று எழுதினேனே. கண்டதைத் தின்றான் என்று எழுதினேனே. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று அன்னக்கிளியிடம் கேட்டேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தினம் தினம் உங்களுக்குச் சேதி எழுத உக்காருவாக, எந்திரிப்பாக. ஒருவழியா எழுதி முடிச்ச அன்னைக்குத்தான் மாப்பிள்ளை கேட்டு உங்க கடுதாசி வந்துச்சு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டாக. 'பிள்ளை போச்சு, அவன் பேராவது ஒருத்திக்கு உதவட்டும்'னாக. மஞ்சளை நான்தான் தடவினேன் மதினி" என்றாள்.

தீட்டோடு நல்ல காரிய வீட்டுக்குள் வரக் கூடாது என்றுதான் வாசலில் நின்றாய். அதுதான் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கிணற்றைப் பழித்தேன். "முளைக்கும்" என்று சொன்னாயே, எப்படியடா சொன்னாய்?

ஒரு வகுப்பையாவது திற என்று எழுதிய கை இதுதான். இதை வெட்டிப் போட்டால் அவன் வருவானா? நீ இதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நேரில் வந்து ஊரறிய என் முகத்தில் துப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக வந்து என் மகளைக் கேட்டாய்.

பொன்னு புத்தகத்தை எல்லாம் எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, "நான் படிக்கலை, ஊருக்கு வந்துர்றேன், என்னாலதான்" என்று என் சீலையைப் பிடித்தாள். அன்னக்கிளிதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ போயிட்டா நான் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் குடுக்க யாரு இருக்கா?" என்றாள். நான் வரும்போது பை பிரித்துக் கிடந்தது.

சாயங்கால பஸ்ஸில் அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். வளர்ந்துவிட்டான், வேட்டி சரியாக இருந்தது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பெரியவரும் கேட்டார். அவரிடமும் சொன்னேன். மூன்று நாளாகச் சாப்பிடாமல் வயிற்றுவலி என்று படுத்திருக்கிறேன். காலராவோ என்று பயந்து பெரியவர் வைத்தியரைக் கூட்டி வந்துவிட்டார்.

இனிமேல் நீ எழுதும் கடிதங்களை அவர் கேட்பார். அதனால் ஐயனார் சுகம் என்று ஒவ்வொன்றிலும் எழுது. உனக்கு எழுத வராவிட்டால் பொன்னுவை எழுதச் சொல். பொங்கலுக்கு அவனுக்குக் காய்ச்சல், அனுப்ப முடியவில்லை என்று எழுது. நானும் மாப்பிள்ளை சுகமா என்று கேட்பேன். அதைப் படிக்கும்போது அன்னக்கிளி என்னை மன்னிக்க வேண்டும்.

மார்ச்சில் பரீட்சை முடிகிற வரை என் மருமகன் உயிரோடு இருக்கட்டும், தம்பி. கடைசிப் பரீட்சை எழுதி அவள் வெளியே வந்ததும் எனக்குத் தந்தி கொடு. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்க அவன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே உன் வீட்டுக்கு வருகிறேன்.

உன் அக்காள்,
மீனாள்